புளியந்தோப்பும் சமதர்மமும்: 1921 பெரம்பூர் வேலைநிறுத்தம் பற்றி ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாட்டில் சமதர்மச் சிந்தனை வேரூன்றிய வரலாற்றை ரஷ்யப் புரட்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். சிங்காரவேலரின் மே நாள் கூட்டம், பெரியாரின் சோவியத் பயணம், ஈரோட்டுத் திட்டம் என்று அது வளரும். இந்த வரிசை தவறல்ல. ஆனால் சென்னையின் பெரம்பூர் இதில் விடுபட்டுப் போகிறது. மூலதனத்தைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பேசாமல் நகர முடியாது என்னும் நிலை இங்கே உருவானதற்கு, பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1921இல் தோற்றுப்போன வேலைநிறுத்தம் முக்கியமான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பின்னி நிறுவனத்தின் அந்த இரு பஞ்சாலைகளும் 1870களின் பிற்பகுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் எழுந்தவை. பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம், சூளைப் பகுதிகளின் வாழ்க்கை ஆலைச் சங்கின் நேரத்துக்கு இயங்கத் தொடங்கியது. 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் துணியாலைகளில் வயதுவந்த ஆணை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க இடமளித்தது. நிர்வாகம் கொடியது என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மைதான் மிஞ்சும். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது, குடியிருப்பு கட்டியது என்பதால் பின்னி 'நல்ல முதலாளி' என்று பெயர் வாங்கியிருந்தது. கூலியையும் நேரத்தையும் பற்றிய கேள்விகளை அந்தப் பெயரைக் காட்டியே தள்ளிவைக்கவும் முடிந்தது.

1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்கு முதலில் இடம் கொடுத்தது பெரம்பூரிலிருந்த ஒரு பக்திச் சபை. அங்கே தொழிலாளரைக் கூட்டி வந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் வணிகர்கள். தலைவர் பி. பி. வாடியா பிரம்மஞான சங்கத்தவர், துணைத்தலைவர் திரு. வி. க. தமிழறிஞர். இவர்களில் எவரும் அன்று வர்க்கப் போர் பேசியவர் அல்லர். உலகப் போர் நடக்கும்போது படைக்குக் காக்கித் துணி நெய்யும் ஆலையில் வேலைநிறுத்தம் வேண்டாம் என்றே வாடியா அறிவுறுத்தினார். உணவு இடைவேளை போதவில்லை என்பதும் மேஸ்திரிகளின் அத்துமீறலும்தான் தொடக்கக் குறைகளில் முன்னின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் விலையேற்றம் தாங்காமல் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சோற்றைச் சுற்றியே அந்த இயக்கம் உருவானது புரியும்.

1920 இறுதியில் கதவடைப்பு வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, வாடியா மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சமரசத்துக்குப் பின் அவர் தொழிற்சங்கத்தை விட்டு விலகினார். தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 1926இல்தான் கிடைத்தது. கூட்டமாக வேலையை நிறுத்தச் சொன்ன தலைவரிடம் நட்டஈடு கேட்க அதுவரை முதலாளியால் முடிந்தது.

அடுத்த ஆண்டின் வேலைநிறுத்தத்தைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தொடங்கியது, ஜூனில் பக்கிங்காம் ஆலைக்கும் பரவியது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. மோதல்கள் மாதக்கணக்கில் நீடித்தன. ஆகஸ்டில் மீண்டும் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள், ஆதிதிராவிடருக்கு அரசு அதிகாரிகள் காட்டிய சலுகையே கலவரத்துக்குக் காரணம் என்றனர். அக்கட்சியிலேயே இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜா அதை எதிர்த்தார். 1923இல் அக்கட்சியை விட்டே வெளியேறினார். வேலைநிறுத்தம் முழுத் தோல்வியில் முடிந்தது.

திரும்பியவர்களைக் கருங்காலிகள் என்று ஒதுக்கிவிடும் எழுத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முந்தைய கதவடைப்பின் பட்டினி முடிந்து ஆறுமாதம்கூட ஆகவில்லை. கையிருப்போ கடன் தரும் சுற்றமோ உள்ளவருக்கும், சேரியில் அன்றாடக் கூலியை மட்டும் நம்பியவருக்கும் வேலைநிறுத்தத்தின் விலை ஒன்றல்ல. ஊர் சேரியை விலக்கிவைத்திருக்கும்போது, அதே ஊராரோடு சேர்ந்து பட்டினி கிடக்கும்படி சேரியாரைச் சங்கம் கேட்டது. அந்த விலக்கைப் பற்றிச் சங்கம் என்ன செய்தது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. நிர்வாகமும் அரசும் பிளவைப் பயன்படுத்தின, உண்மை. ஆனால் பிளவை அவை உண்டாக்கவில்லை. ஆலை வாசலுக்கு வெளியே அது ஏற்கனவே இருந்தது.

1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடித் தொழிலாளர் விவசாயிகள் கட்சியை அறிவித்தபோது, இந்தத் தோல்விக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. மீனவர் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞரானவர் அவர். 1930களில் பெரியாரின் 'குடி அரசு' இதழின் பக்கங்களில் பொருளாதாரத்தையும் மூடநம்பிக்கையையும் பிறப்பால் வரும் தாழ்வையும் ஒருங்கே எழுதினார். இது பெரியாரோடு செய்துகொண்ட சமரசம் என்றும், மார்க்சியத்தை நீர்த்துப்போகச் செய்தது என்றும் சிலர் கருதுகின்றனர். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. பெரம்பூரைப் பார்த்த ஒருவர், உடைமை பொதுவானால் சாதி தானே உதிரும் என்று எழுதியிருக்க முடியாது.

இதை ஏற்றால், தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் 1918ஐ மட்டும் தொடக்க ஆண்டாகக் கொள்வது போதாது. சங்கம் பிறந்த நாளைக் கொண்டாடும் நூல்கள் புளியந்தோப்பை ஒரு பத்தியில் கடக்கின்றன. எரிந்த குடிசைகளில் வாழ்ந்தவர்களும் அதே ஆலையின் தொழிலாளர்களே. சங்க வரலாற்றில் அவர்கள் உறுப்பினர்களாக எழுதப்பட வேண்டும்.