அவிழ்க்க முடியாத கண்ணி

யார்க் நகரத்தின் யோர்விக் வைக்கிங் மையத்தில் ஒரு சாக்ஸ் இருக்கிறது. ஜோடி இல்லை, ஒற்றை. கணுக்கால் வரைக்கும்தான் உயரம். ஈர மண்ணின் நிறத்துக்கே மாறிவிட்ட கம்பளி. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என் மகளைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்கு அப்போது நான்கு வயது.

"அப்பா, இன்னொன்னு எங்க?"

"மண்ணுக்குள்ள போயிருக்கும்டா."

"தோண்டிப் பாத்தாங்களா?"

பார்த்தார்கள். 1976இலிருந்து 1981 வரை காப்பர்கேட் என்கிற தெருவில் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். பெயரைக் கேட்டதும் செம்புக்கும் அதற்கும் சம்பந்தம் என்று நினைத்தேன். இல்லை. மரக் கிண்ணம் கடைபவர்களின் தெரு என்று பழைய வைக்கிங் மொழியில் அர்த்தம். 866இல் டேனியப் படை யார்க்கைப் பிடித்த பிறகு வளர்ந்த தொழிலாளர் குடியிருப்பு அது. அங்கே மண் எப்போதும் ஈரமாகவே இருந்தது, ஆக்சிஜன் உள்ளே போகவில்லை. அதனால் மரம், தோல், கம்பளி எதுவும் முழுசாக மட்கவில்லை. பத்தாம் நூற்றாண்டு சாக்ஸ் ஒன்று பிழைத்தது அப்படித்தான். ஜோடி கிடைக்கவில்லை.

பெட்டியின் பக்கத்தில் இருந்த குறிப்பில், இது பின்னல் அல்ல, நால்பைண்டிங் என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்: "அப்பா உனக்கு அதே மாதிரி ஒண்ணு செஞ்சு தரேன்."

ஐடி வேலையில் இருக்கிறவர்களின் வழக்கமான வியாதி இது. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமலே ஒத்துக்கொள்வது.

*

நார்வேஜிய மொழியில் 'நோலெபின்டிங்'. ஊசியால் கட்டுவது என்று அர்த்தம். உலகம் முழுக்க இந்தப் பெயர் பரவியது 1970களுக்குப் பிறகுதான். அதற்கு முன் ஊருக்கு ஊர் ஒரு பெயர். ஸ்வீடனில் 'வான்ட்சோம்', அதாவது கையுறைத் தையல்.

வேண்டியது ஒரே ஒரு ஊசி. தட்டையான, முனை மழுங்கிய, காதுள்ள ஊசி. மரம், எலும்பு, மான்கொம்பு எதிலும் செய்யலாம். என்னுடையது மரம், சுண்டுவிரல் நீளம். கூடவே ஒரு கை அகலத்துக்கு அறுத்த கம்பளி நூல். இடது கட்டைவிரலில் ஒரு கண்ணி மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் பழைய கண்ணிகள் வரிசையாக இருக்கும். ஊசி அந்தப் பழைய கண்ணியைப் பிடித்து, திரும்பி, கட்டைவிரல் கண்ணி வழியாக வெளியே வரும். நூல் முழுவதையும் இழுக்க வேண்டும். பழைய கண்ணி விரலிலிருந்து நழுவும், புதியது அந்த இடத்தில் உட்காரும். அவ்வளவுதான்.

அந்த 'முழுவதையும்' என்கிற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது.

ஸ்வெட்டர் பின்னும்போது நூல் முழுதாக எந்தக் கண்ணிக்குள்ளும் போவதில்லை. ஒரு கண்ணி வழியாக அடுத்த கண்ணியை எட்டிப் பார்க்க வைக்கிறோம், அவ்வளவே. அதனால் கடைசி முனையைப் பிடித்து இழுத்தால் மொத்த ஸ்வெட்டரும் சரசரவென்று நூலாகிவிடும். நால்பைண்டிங்கில் நூல் ஒவ்வொரு கண்ணியையும் முழுசாகக் கடந்து வந்திருக்கிறது. கத்தரியால் நடுவில் வெட்டினாலும் பிரிந்து ஓடாது. பிரிக்க வேண்டுமென்றால் ஊசியை வந்த வழியே, ஒவ்வொரு கண்ணியாக, பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் தொழிலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'அன்டூ' அழுத்துகிற ஆள் நான். என் விரல்களுக்கு இது புரியவே இரண்டு வாரம் ஆனது.

முதல் வாரம் வேறு ஒரு பிரச்சினை. கை அகல நூல் சீக்கிரமே தீர்ந்துவிடும். அடுத்த துண்டை முடிச்சுப் போட்டு இணைக்கக் கூடாது, பாதத்தில் உறுத்தும். இரண்டு முனைகளையும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வேகமாகத் தேய்க்க வேண்டும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உரசலும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நான் தேய்த்தேன், தேய்த்தேன், உள்ளங்கை சிவந்தது, நூல் ஒட்டவில்லை. சனிக்கிழமை வகுப்பில் அறுபது வயதைக் கடந்த ஆசிரியை என் நூலுருண்டையின் லேபிளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். வாஷிங் மெஷினில் போடலாம் என்று பெருமையாக அச்சடித்திருந்தது. அதற்காகவே அந்தச் செதில்களைப் பதப்படுத்தி மழுக்கியிருக்கிறார்கள். வசதிக்காக நீக்கிய ஒரு குணத்தைத்தான் நான் அரைமணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

*

இரண்டாம் மாதம் எனக்கு ஒரு பரிச்சயமான விஷயம் கிடைத்தது: குறியீடு. ஏகன் ஹான்சன் என்ற டேனியர் இந்தத் தையல்களை எழுத ஒரு முறை கண்டுபிடித்தார். ஊசி ஒரு நூலுக்கு அடியில் போனால் ஒரு எழுத்து, மேலே போனால் இன்னொரு எழுத்து, திரும்பும் இடத்தில் ஒரு சாய்கோடு. அடிக்கு 0, மேலுக்கு 1 என்று நான் மாற்றி எழுதிக்கொண்டேன். ஆஸ்லோ தையல் 01/011. மாமென் தையல் 011/0011. யார்க் சாக்ஸில் இருப்பது 00/111.

பார்த்ததும் சிலிர்த்துவிட்டது. பைனரி! எழுதத் தெரியாத யாரோ ஒருவர் விரல்களில் வைத்திருந்த நிரல்.

ஆனால் அந்தச் சிலிர்ப்பு கொஞ்சம் ஏமாற்றுவேலை என்று பிறகு தெரிந்தது. குறியீடு ஊசியின் பாதையைச் சொல்கிறது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் எவ்வளவு பருமன் என்பதைச் சொல்வதில்லை. இங்கே கட்டைவிரல்தான் அளவுகோல். அதே 01/011, என் கையில் ஒரு சாக்ஸ், உங்கள் கையில் வேறொரு சாக்ஸ்.

*

இந்த இடத்தில் சிரியாவுக்குப் போக வேண்டும். யூப்ரடீஸ் கரையில் டூரா யூரோப்பஸ் என்ற ரோமானியக் காவல் நகரம், 256 வாக்கில் பாரசீகர்களின் முற்றுகையில் விழுந்தது. அங்கே அகழ்ந்த யேல் பல்கலைக்கழகத்தாருக்குக் கிடைத்தவற்றில் மூன்று சிறு துணித்துண்டுகள். 1945இல் ஃபிஸ்டரும் லூயிசா பெல்லிங்கரும் வெளியிட்ட அறிக்கை அவற்றைப் பின்னல் என்றது. அதன்பிறகு பல வருடங்கள், உலகின் மிகப் பழைய பின்னல் என்று புத்தகங்களில் அவை இடம்பிடித்திருந்தன.

கண் பார்த்ததில் தப்பில்லை. நால்பைண்டிங்கில் ஒரு வகைத் தையல் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் முறுக்கிய பின்னல் மாதிரி அச்சு அசலாக இருக்கும். எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்து, இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிவப்புச் சாக்ஸ்களும் இந்த வகைதான். செருப்பு வாருக்காகக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கும். 1972இல் டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டொரத்தி பர்ன்ஹாம், 'காப்டிக் பின்னல்' என்று அழைக்கப்பட்டுவந்த இந்தத் துணிகள் ஒற்றை ஊசியால் செய்யப்பட்டவை என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். டூரா துண்டுகளும் அந்தப் பக்கம் நகர்ந்தன.

எப்படிக் கண்டுபிடிப்பது? வேலை எங்கே தொடங்கியது, எந்தத் திசையில் போனது, குதிகால் எப்படி வளைந்தது, நூல் எங்கெல்லாம் இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பிழைகள். பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அது கீழே வரைக்கும் ஏணிபோல ஓடிவிடும். நால்பைண்டிங்கில் பிழை நின்ற இடத்திலேயே நிற்கும். சரியாகச் செய்த இடத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தப்பு நடந்த இடத்தில்தான் வேறுபாடு தெரியும்.

நான் இதைப் படித்த மாதத்தில், அலுவலகத்தில் ஒரு பழைய மென்பொருளை மூடிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதினோரு வருடம் ஓடியது. எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை, கடைசி நான்கு வருடம் அதைப் பார்த்துக்கொண்டவன் நான். மூடும் குறிப்பில் 'காலாவதியான தொழில்நுட்பம்' என்று முதல் வரி எழுதினேன். கை பழக்கத்தில் எழுதிவிடும் வரி அது.

நால்பைண்டிங்கைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பின்னலின் முதல் வெர்ஷன், அடுத்தது வந்ததும் போய்விட்டது. வரலாறு அப்படி நடக்கவில்லை. பின்னல் வேகமானது, நீளமான தொடர் நூல் கேட்பது. நால்பைண்டிங் மெதுவானது, ஆனால் துண்டு நூல்களை வைத்தே வேலை முடிந்துவிடும். பின்னல் வடக்கு ஐரோப்பாவுக்கு வந்த பிறகும் பல நூற்றாண்டுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் வேலைக்கான கையுறைகளை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இப்படியே செய்தார்கள். தடிமனானது, கிழிந்தாலும் பிரியாது. ஆட்டு மயிரிலும் மாட்டு வால் மயிரிலும் பால் வடிகட்டிகள் செய்தார்கள். அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம், பெருவின் பராக்காஸ் மக்கள் இதற்கு நெருங்கிய ஊசி வேலையில் துணியின் ஓரத்தில் குட்டிக் குட்டி மனித உருவங்களையே செய்திருக்கிறார்கள். பப்புவா நியூ கினியில் 'பிலும்' பைகளை இன்றைக்கும் கண்ணி கோத்துத்தான் செய்கிறார்கள். இதில் யார் யாருடைய முதல் வெர்ஷன்?

குறிப்பின் முதல் வரியை அழித்துவிட்டு, அந்த மென்பொருள் என்னென்ன செய்தது, அவற்றில் புதியது எவற்றைச் செய்யாது என்று இரண்டு பக்கம் எழுதினேன். மேலாளர் அதைப் படித்தாரா தெரியாது. மென்பொருள் குறித்த தேதியில் மூடப்பட்டது.

*

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு குழந்தைச் சாக்ஸ் இருக்கிறது. எகிப்தின் ஆன்டினோபோலிஸ் நகரத்துக் குப்பைமேட்டிலிருந்து 1913-14 அகழ்வில் எடுத்தது. சுமார் 1,700 வருடம் பழையது. இடது கால். கோடு கோடாக வண்ணங்கள். 2018இல் வெளியான ஆய்வில், வெவ்வேறு ஒளி அலைகளில் படமெடுத்து அந்த நிறங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றே சாயச் செடிகள். சிவப்புக்கு மஞ்சிட்டியின் இனம், நீலத்துக்கு அவுரியின் அதே சாயத்தைத் தரும் ஓட், மஞ்சளுக்கு வெல்ட். மூன்றையும் கலந்தும், ஒன்றன்மேல் ஒன்றாகத் தோய்த்தும் அத்தனை நிறம்.

ஒரு குழந்தையின் காலுக்கு இவ்வளவு வேலை. ஒரு வருடம்கூடப் போட்டிருக்குமா? பிறகு குப்பை.

என் சாக்ஸ் முடிய நான்கரை மாதம் ஆனது. ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம், அதுவும் மகள் தூங்கிய பிறகு. விரல் நுனியில் ஒரு புடைப்பு, குதிகாலில் தவறவிட்ட ஒரு கண்ணி, மேலே நூல் ஒட்டாமல் முடிச்சுப் போட்டு ஏமாற்றிய ஓர் இடம். எதையும் அவிழ்க்கவில்லை. முடித்த அன்று காலையில் அவள் காலில் மாட்டினேன். குதிகால் பாதிப் பாதத்திலேயே நின்றுவிட்டது. மார்ச்சில் அளவெடுத்தது, இப்போது ஆகஸ்ட்.

ஸ்வெட்டராக இருந்தால் பிரித்து, அதே நூலில் பெரிதாகப் பின்னிக் கொடுத்திருக்கலாம்.

"பரவால்லப்பா," என்று சொல்லிவிட்டு, அதைக் கையில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தாள். பிறகு கேட்டாள்: "இன்னொன்னு எங்க?"

அடுத்ததைத் தொடங்கிவிட்டேன். இந்த முறை இரண்டு விரற்கடை கூடுதலாக வைத்திருக்கிறேன். இரண்டும் ஜோடி சேராது.