பிளட் ரிப்போர்ட்டில் பாதி எண்கள் சிவப்பா? மயலோமா வந்தவங்க வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எது?

அம்மாவுக்கு 'மல்டிபிள் மயலோமா' என்று டாக்டர் சொல்லி ரெண்டு வாரம் ஆகுதுனு வெச்சுக்கோங்க. அவங்க ஏற்காட்டில், நாகலூர் பக்கம். நீங்க பெங்களூரில் வேலை. சேலத்துக்கு இறங்கிப் போய் கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட், ஆறு பக்க பி.டி.எஃப்-ஆக உங்க வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கு. பாதி எண்கள் சிவப்பில். பக்கத்தில் 'ஹெச்', 'எல்' என்று குறி. டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள போன் வந்துடும்: "என்ன கண்ணு, ரிப்போர்ட்டு நல்லாருக்கா?"

அந்தக் கேள்விக்கு முழுப் பதிலை டாக்டர்தான் சொல்லணும். ஆனா, எந்த எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாது, எந்த எண்ணைப் பார்த்தால் ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது என்பதை நீங்களே தெரிஞ்சுக்கலாம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். எலும்பு மஜ்ஜையில் 'பிளாஸ்மா செல்' என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிப்பது அதன் வேலை. அதில் ஒரு செல் கெட்டுப்போய், தன்னைப் போலவே பெருகிக்கிட்டே போனால், எல்லாம் ஒரே மாதிரியான, எதுக்கும் உதவாத புரதத்தைக் கொட்டும். ரிப்போர்ட்டில் 'எம் புரோட்டீன்', 'எம் பேண்ட்', 'எம் ஸ்பைக்' என்று எழுதியிருப்பது இதைத்தான். இந்த செல்கள் எலும்பை அரிக்கும், ரத்த உற்பத்திக்கு இடம் கொடுக்காது. புரதமோ சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நடிகையும் அப்போதைய சண்டிகர் எம்.பி-யுமான கிரண் கெருக்கு இது எப்படித் தெரிய வந்தது தெரியுமா? 2020 நவம்பரில் கை எலும்பு முறிஞ்சது. அதைத் தொடர்ந்து நடந்த பரிசோதனைகளில்தான் மயலோமா என்று தெரிந்தது. 2021 ஏப்ரலில் குடும்பத்தினர் அதை வெளியே சொன்னாங்க. அவருக்கு எலும்பு முறிவு காட்டிக்கொடுத்தது. சேர்வராயன் மலையில் முதுகுவலியை யார் கண்டுக்கிறாங்க? "காபி பறிக்கிற முதுகு வலிக்காதா?" என்று தைலம் தேய்ச்சு முடிச்சுடுறோம். அதனாலேயே நோய் தெரியும்போது ரத்தத்தில் பல எண்கள் மாறியிருக்கலாம்.

நோயின் பெயரைச் சரியாகப் படிங்க

பிளாஸ்மா செல் பிரச்னை எல்லாமே கேன்சர் இல்லை. 'எம்.ஜி.யு.எஸ்' என்று எழுதியிருந்தால், எம் புரோட்டீன் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவிகிதத்துக்குக் கீழே, உடம்பில் பாதிப்பு எதுவும் இல்லை என்று அர்த்தம். அமெரிக்காவின் மயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் கைல் 1978-ல் வைத்த பெயர் இது. இவங்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் மயலோமாவாகவோ, அதைச் சேர்ந்த வேறு நோயாகவோ மாறுது. மருந்து கிடையாது, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை மட்டும்தான். அதற்கு அடுத்த படி 'ஸ்மோல்டரிங் மயலோமா'. இதிலும் பலருக்கு உடனே சிகிச்சை தேவைப்படாது. உறவுக்கார வாட்ஸ்அப் குரூப்பில் 'பிளட் கேன்சர்' என்று டைப் செய்வதற்கு முன்னால், இந்த மூன்றில் எது என்று பார்த்துடுங்க.

முதலில் நாலு இடம்

ஆறு பக்கத்தையும் வரிசையா படிக்க வேண்டாம். நோய் உடம்பைத் தொட்டிருக்கிறதா என்று சொல்வது கால்சியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், எலும்பு. எலும்பு ஸ்கேனில்தான் தெரியும். மற்ற மூன்றும் இந்த பி.டி.எஃப்-பிலேயே இருக்கும். கால்சியம் 11 மில்லிகிராமுக்கு மேல், கிரியாட்டினின் 2 மில்லிகிராமுக்கு மேல், ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழ் (எல்லாம் டெசிலிட்டருக்கு). உலக அளவில் மயலோமா மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடுகள் இவை.

கால்சியத்தில் ஒரு பொறி இருக்கு. ரத்தத்தில் கால்சியத்தின் ஒரு பகுதி அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கும். அல்புமின் குறைஞ்சா கால்சியமும் குறைவா தெரியும். அதனால் 4-லிருந்து அல்புமின் எண்ணைக் கழிச்சு, 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டணும். கால்சியம் 10.2, அல்புமின் 2.5 என்று வெச்சுக்கலாம். ரிப்போர்ட்டில் 10.2-க்குச் சிவப்புக் குறியே இருக்காது. கணக்குப் போட்டால் 11.4. இப்படி வந்து, கூடவே அம்மாவுக்குத் தீராத தாகம், மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் இருந்தால், அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீங்க. அன்னைக்கே டாக்டருக்கு போன் போடுங்க. கிரியாட்டினின் போன தடவையைவிடத் திடீர்னு ஏறியிருந்தாலும் அப்படித்தான்.

ஹீமோகுளோபினில் மலைக்காரங்களுக்கு ஒரு தனிக் கணக்கு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரம் கூடக்கூட உடம்பு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூடுதலா தயாரிக்கும். ரத்தசோகையைக் கணிக்கும்போது வசிக்கும் இடத்தின் உயரத்தையும் கணக்கில் எடுக்கணும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. லேப் ரிப்போர்ட்டில் உள்ள 'நார்மல்' அளவில் இந்தத் திருத்தம் பொதுவா இருக்காது. ஏற்காட்டுக்காரர் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

எம் புரோட்டீன்: ஒரு தடவை பார்த்தால் போதாது

எல்லாரும் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். போன மாசம் 1.8, இந்த மாசம் 2.0 என்றால் வீட்டில் யாரும் தூங்க மாட்டாங்க. ஆனா, இந்தப் பரிசோதனையிலேயே அந்த அளவு ஏற்ற இறக்கம் சகஜம். நோய் கூடியிருக்கு என்று சொல்ல, இதுவரை வந்ததிலேயே குறைந்த எண்ணிலிருந்து 25 சதவிகிதமாவது ஏறணும். அதோடு அந்த ஏற்றம் குறைஞ்சது 0.5 கிராமாவது இருக்கணும். அதையும் இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்து உறுதி செஞ்ச பிறகுதான் டாக்டர்கள் முடிவு செய்வாங்க. இறங்குவதற்கும் கணக்கு உண்டு. பாதியாகக் குறைந்தால் 'பார்ஷியல் ரெஸ்பான்ஸ்'. 90 சதவிகிதம் குறைந்தால் அதைவிட நல்ல நிலை.

பக்கத்திலேயே 'ஐ.ஜி.ஜி காப்பா' மாதிரி ஒரு பெயர் இருக்கும். அது எந்த வகைப் புரதம் என்பதற்கான முகவரி. அதை மட்டும் வெச்சு நல்லது, கெட்டது என்று முடிவு செய்ய முடியாது.

'ஃப்ரீ லைட் செயின்' என்ற பகுதிதான் அதிகம் பயமுறுத்தும். காப்பா, லாம்ப்டா என்று ரெண்டு எண், கீழே அவற்றின் விகிதம். விகிதம் 0.26 முதல் 1.65 வரை நார்மல். சிறுநீரகம் சரியா வேலை செய்யாதவங்களுக்கு ரெண்டுமே ரத்தத்தில் தேங்கும், விகிதமும் 3 வரை போகலாம். அதனால், கிரியாட்டினினைப் பார்க்காமல் இதைப் படிக்கவே கூடாது. முக்கியமா, லேப்புக்கு லேப் கருவியும் ரீஏஜென்ட்டும் மாறினால் எண்ணும் மாறும். இந்த மாசம் சேலத்தில் ஒரு லேப், அடுத்த மாசம் ஆஃபர் போட்டிருக்காங்க என்று இன்னொரு லேப் போனால், ரெண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிடவே முடியாது. மிச்சமாகும் காசைவிடக் குழப்பம்தான் அதிகம்.

மலையிலேயே ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பினால் இன்னொரு விஷயம். வழியில் நேரமாகி, ரத்த அணுக்கள் உடைஞ்சா பொட்டாசியம் பொய்யா கூடிக் காட்டும். 'ஹீமோலைஸ்டு சாம்பிள்' என்று ஓரத்தில் எழுதியிருக்கான்னு பாருங்க. இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்வாங்க. இருபது கொண்டை ஊசி வளைவையும் இன்னொரு தடவை இறங்கணுமான்னு அம்மா அலுத்துக்குவாங்க. முடிஞ்சா முதல் தடவையே கீழே போய்க் கொடுக்கிறது நல்லது.

மருந்து ஆரம்பிச்ச பிறகு

டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு பெரும்பாலும் கூடவே இருக்கும். அது சர்க்கரையை ஏற்றும், வெள்ளை அணு எண்ணிக்கையையும் ஏற்றும். அதனால் மாத்திரை போட்ட நாள் எது, ரத்தம் கொடுத்த நாள் எது என்று குறிச்சு வையுங்க. டாராடுமுமாப் ஊசி போட்டுக்கிறவங்களுக்கு அந்த மருந்தே ஒரு சின்ன எம் பேண்டாக ரிப்போர்ட்டில் தெரியலாம். அதுவும் ஒரு ஆன்டிபாடிதானே! நோய் திரும்பிடுச்சோ என்று நினைக்கிறதுக்கு முன்னாடி டாக்டரிடம் கேளுங்க.

குளோபுலின் எகிறியிருக்கே, எதிர்ப்பு சக்தி கூடிடுச்சா என்று சிலர் கேட்கிறாங்க. நேர் எதிர். கூடியிருப்பது உதவாத புரதம், நல்ல ஆன்டிபாடிகள் குறைஞ்சிருக்கும். அதனால் சிகிச்சையில் இருப்பவங்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், 'பனிக்காத்து பட்டிருக்கும்' என்று விட்டுடாம அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். முதுகுவலியோடு கால் மரத்துப்போறது, சிறுநீர் அடக்க முடியாமல் போறது இதெல்லாமும் அவசரம். ராத்திரியானாலும் கிளம்பிடுங்க. முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவது சிறுநீரகத்துக்கு நேரடி ஆபத்து.

செலவு? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, வேலூர் சி.எம்.சி-யோ, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டோ, எங்கே காட்டினாலும், எந்தெந்த டெஸ்ட் காப்பீட்டில் வரும் என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுடுங்க.

போனில் ஒரு ஷீட் போடுங்க. தேதி, லேப் பெயர், ஹீமோகுளோபின், கால்சியம், அல்புமின், கிரியாட்டினின், எம் புரோட்டீன், காப்பா, லாம்ப்டா, விகிதம். ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு வரி. டாக்டர் அறையில் ஆறு பக்கத்தைப் புரட்டுவதைவிட, இந்த ஷீட்டைக் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம். கடைசி வரிக்குக் கீழே, அம்மா எப்படி இருக்காங்க, வலி எங்கே, தூக்கம் வருதா என்பதையும் எழுதிடுங்க. அது எந்த லேப் ரிப்போர்ட்டிலும் வராது.