ழகரத்துக்கு இடமில்லாத கைப்பேசி

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த என் மகள், கைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தாள். கண்ணாடி போடாமல் பார்த்த எனக்கு அது பாஸ்போர்ட் மாதிரிதான் தெரிந்தது. அதே அகலம், ஏறக்குறைய அதே உயரம்.

"போன்தான்ப்பா. பேரே பிளாக்பெர்ரி பாஸ்போர்ட். அவரோட பழைய போன், சும்மா கிடந்துச்சு. நிஜமான பட்டன் இருக்கு பாருங்க, உங்களுக்கு ஆகும்னு கொண்டு வந்தேன்" என்றாள்.

எனக்கு ஆகும் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடமாக என் வலது கையில் நடுக்கம். கண்ணாடித் திரையில் 'க'வைத் தொடப்போனால் பக்கத்திலிருக்கும் 'ப' விழுகிறது. ஒரு பத்தி எழுத ஒரு மணி நேரம், அதைத் திருத்த இன்னொரு மணி நேரம். ஓய்வுபெற்றபின் ஆரம்பித்த இந்த எழுத்து வேலை இதோடு நின்றுவிடுமோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. முப்பத்தைந்து வருடம் விரலை வைத்துச் சம்பாதித்தவனுக்கு, விரல் ஏமாற்றுவது தனி வேதனை.

அதனால் அந்தப் போனைக் கொஞ்சம் அக்கறையாகவே சோதித்தேன். அதைச் சொல்லுமுன் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1979இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அப்பா என்னைத் தருமபுரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார். காலை ஆறு மணி வகுப்பு. ஓட்டுக் கூரை, நீள பெஞ்ச், ஏழெட்டு மெஷின். ஆங்கிலத்துக்கு ஏ.எஸ்.டி.எஃப். என்றால் தமிழுக்கு ய, ள, ன, க. இடது கை நான்கு விரலும் அங்கே உட்கார வேண்டும். வலது கையில் த, ம, ட, கடைசியாகச் சுண்டுவிரலுக்குப் புள்ளி. தமிழில் அதிகம் உழைக்கிற புள்ளியை, கையிலேயே பலம் குறைந்த விரலிடம் கொடுத்துவிட்டார்களே என்று அப்போதே நினைத்திருக்கிறேன். கீழே குனிந்து விசையைப் பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஆறு மாதத்தில் விரல்களுக்குக் கண் வந்துவிட்டது.

'மி' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொக்கியை அடிக்க வேண்டும், பிறகுதான் 'ம'. 'ம்' என்றாலும் புள்ளி முதலில், எழுத்து பின்னால். ஏனென்றால் கொக்கியும் புள்ளியும் நகராத விசைகள். அடித்தால் தாளில் பதியும், ஆனால் உருளை ஓரிடம்கூட நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து அதன் கீழ் உட்காரும். வாயால் சொல்கிற வரிசைக்கு நேர் எதிராகக் கை அடிக்கும்.

இந்த உபாயத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா பக்கம் போனவர். அங்கே ஆங்கிலத் தட்டச்சு ஓடுவதைப் பார்த்து, தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்று தாமாகவே உட்கார்ந்து வரைந்தார். நம் எழுத்து 247. மெஷினில் இருப்பதோ நாற்பதைச் சற்றுத் தாண்டிய விசை. ஷிப்டைச் சேர்த்தாலும் நூறு எழுத்துக்கு இடமில்லை. எதைத் தனியாக வைப்பது, எதை ஒட்டவைப்பது, எதை இரண்டு தட்டில் முடிப்பது என்று அவர் தீர்மானித்து, இயந்திரத்தை ஜெர்மனியில் செய்வித்தார். தருமபுரி ஓட்டுக் கூரையின் கீழ் நான் கொக்கியை முதலில் அடித்தது, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கடல் கடந்து போய் யோசித்ததன் பலன்.

நான் சேர்ந்த காலத்தில் இன்னொரு மாற்றமும் புதிது. 1978இல்தான் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டிருந்தது. தும்பிக்கை போட்ட 'லை', 'னை' எல்லாம் போய் எல்லாவற்றுக்கும் ஒரே ஐகாரக் குறி வந்தது. பெரியவர்களுக்கு அது கண்ணை உறுத்தியது. டைப் அடிக்கிறவனுக்கு அது நிம்மதி.

எழுத்து கருவிக்கு ஏற்ப வளைவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். நம் பக்கத்து நடுகற்களில் பல வட்டெழுத்தில் இருப்பவை. இன்றைக்கு எம்.ஏ. தமிழ் படித்தவருக்கும் பயிற்சி இல்லாமல் அதில் ஒரு வரி ஓடாது. உளிக்கு ஒரு வடிவம், ஓலைக்கு ஒரு வடிவம், அச்சுக்கு ஒரு வடிவம் என்று வந்த மொழிதான் இது.

பிறகு வேலை கிடைத்தது. ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சர். கார்பன் வைத்து நான்கு காப்பி, ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் என்று ஓடியது. ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். முதியோர் உதவித்தொகை ஆணை ஒன்றில், ஒரு பாட்டியின் பெயரில் இருந்த 'ழ'வை 'ள' என்று அடித்துவிட்டேன். ரேஷன் கார்டில் ஒன்று, ஆணையில் ஒன்று. பணம் தரவில்லை. பென்னாகரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி இரண்டு முறை வந்து போனார் அந்த அம்மாள். மூன்றாம் முறைதான் விஷயம் என் மேசைக்கு வந்தது. 'ள' இடது கை எழுத்து, 'ழ' வலது கை எழுத்து. விரல் தவறி விழ வழியே இல்லை. என் கவனம்தான் தவறியது. புது ஆணை அடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தபோது, "எம்பேரு இப்ப சரியா இருக்குதா சாமி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு 'ழ' வரும் இடமெல்லாம் என் கை ஒரு நொடி நின்றுதான் அடிக்கும்.

கம்ப்யூட்டர் வந்தபோது ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி ராஜ்ஜியம். ஒரு அலுவலகத்தில் அடித்தது இன்னொரு அலுவலகத்தில் கோழி கிளறியதுபோல் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித்தான் 'தமிழ் 99' என்ற விசைப்பலகையை அரசு ஏற்றது. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. உயிர் 12, மெய் 18, புள்ளி ஒன்று, மொத்தம் 31 விசையில் 247 எழுத்தும் முடிந்தது. 'ம' அடித்து 'இ' அடித்தால் 'மி'. வாய் சொல்கிற வரிசையிலேயே கை போகும். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இருபது வருடம் கொக்கியை முதலில் அடித்த கை அது. கடைசியில் பழகிக்கொண்டேன். 2010இல் யூனிகோடும் அரசு வழக்கில் வந்தபின் அந்த ராஜ்ஜியச் சண்டையும் ஓய ஆரம்பித்தது.

இப்போது போனுக்கு வருகிறேன்.

பிளாக்பெர்ரி பாஸ்போர்ட் 2014 செப்டம்பரில் வெளிவந்தது. இந்தியாவில் அன்றைய விலை 49,990 ரூபாய். எல்லாப் போனும் நெட்டையாக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இது மட்டும் குட்டையாக, அகலமாக வந்தது. திரை சரியான சதுரம், நான்கரை அங்குலம். ஒரு வரிக்கு அறுபது எழுத்து, புத்தகத்தின் வரிபோல என்பது செய்தவர்களின் கணக்கு. அகலம் 9 சென்டிமீட்டர், எடை 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கையால் பிடித்து எழுத முடியாது. இரண்டு கையாலும் ஏந்தி, இரண்டு கட்டைவிரலால்தான் அடிக்க வேண்டும். என்னைப்போன்றவனுக்கு அது குறையல்ல, வசதி. இரண்டு கையும் பிடித்தால் நடுக்கம் பாதியாகக் குறைகிறது.

விசைகள் மூன்றே வரிசை. ஒவ்வொன்றும் அழுத்தினால் கிளிக் என்று இறங்கி ஏறுகிறது. விசைகளின் மேல் விரலை லேசாகத் தடவினால் திரையில் பக்கம் நகர்கிறது. எண்ணும் நிறுத்தக்குறியும் விசையில் இல்லை, தேவைப்படும்போது திரையின் அடிவரிசையில் தோன்றுகின்றன. மகளுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். ஒரு பிழைகூட இல்லை. இரண்டு வருடத்துக்குப் பின் என் விரல் சொன்ன பேச்சைக் கேட்டது. உண்மையைச் சொன்னால் கண் கொஞ்சம் கலங்கிவிட்டது.

ஆனால் விசைகளில் பொறித்திருப்பது ஆங்கிலம் மட்டும். சரி, தமிழ் 99ஐ இதில் பொருத்தினால் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் அந்தப் பலகையை வரைந்து எழுத்துகளை நிரப்பினேன். தமிழுக்கு வேண்டியது 31 விசை. இதில் எழுத்து விசை 26. ஐந்து எழுத்து வெளியே நிற்கிறது. கம்ப்யூட்டர் பலகையில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகியவற்றின் விசைகளில் குடியிருப்பவை அவை: ச, ஞ, ந, ய, ழ.

'தமிழ்' என்று எழுதிப் பார்த்தேன். த இருக்கிறது, ம இருக்கிறது, இ இருக்கிறது. ழ இல்லை.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பென்னாகரத்துப் பாட்டியின் முகம் ஞாபகம் வந்தது.

செய்திருக்க முடியாத காரியம் அல்ல. எண்களைத் திரையில் காட்டியதுபோல அந்த ஐந்து எழுத்தையும் காட்டிவிடலாம். முத்தையா போல ஒருவர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் தீர்த்திருப்பார். ஆனால் காலம் இல்லை. 2007இல் ஐபோன் வந்தபோதே விசைப் போன்களின் கதை முடியத் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரி 4ஆம் தேதி பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவையும் நிறுத்தப்பட்டது. நம் எழுத்தைப் பொறிக்க யாரும் உட்காருமுன் அந்தப் பலகையே போய்விட்டது.

இங்கேதான் என் கோபம் திசை மாறியது. கண்ணாடித் திரையை நான் இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் போனில் தமிழ் தாராளமாக உட்கார்ந்தது அந்தக் கண்ணாடியில்தான். அதற்கு முன்பே, எண் விசை மட்டும் இருந்த போன்களில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப, மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த 'செல்லினம்' 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்தது. 1985லேயே முரசு அஞ்சல் செய்தவர் அவர். 2013இல் ஐபோனிலேயே தமிழ் 99 பலகை வந்துவிட்டது. கண்ணாடியில் பொறிப்பு இல்லை. 26 வேண்டுமா 31 வேண்டுமா என்று அது கேட்பதில்லை, வரைந்தால் வரைந்ததுதான். என் விரலைக் கைவிட்ட அதே பொருள்தான் என் மொழிக்கு இடம் கொடுத்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

போனை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நல்ல போனும்மா. ஆனா நமக்கு அஞ்சு எழுத்து பத்தலை" என்றேன். அவள் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஊருக்குள் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், சாதாரண கீபோர்டு ஒன்றும், அதைப் போனில் செருகச் சின்ன இணைப்பு ஒன்றும் வாங்கி வந்தாள். போனில் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுத்துச் செருகினால் வேலை செய்கிறது. என்னைப்போல் கை நடுங்கும் நண்பர்கள் இதைச் செய்து பாருங்கள், செலவு பெரிதல்ல. எழுத்து ஒட்ட ஸ்டிக்கர் கேட்காதீர்கள். பார்க்காமல் அடிக்கப் பழகுங்கள், பத்து நாளில் வந்துவிடும்.

இந்தக் கட்டுரை முழுவதும் அதில் அடித்ததுதான். ழகரம் வலது ஓரத்தில், கீழ் வரிசையில் இருக்கிறது. அங்கே போகும்போது மட்டும் கை இன்னும் ஒரு நொடி நின்றுதான் அடிக்கிறது. அது நடுக்கத்தினால் அல்ல.