ஐவர் இருந்தால் போதுமா? மின்னசோட்டாவின் சூரியத் தோட்டச் சட்டத்துக்கு ஓர் உரை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2013-இல் சூரியத் தோட்டங்களுக்கென ஒரு சட்டப் பிரிவு இயற்றியது. வாடகை வீட்டுக்காரரும் மரநிழல் விழும் கூரைக்காரரும் எங்கோ ஒரு வயலில் நிற்கும் சோலார் பேனல்களில் பங்கு எடுத்து, தம் மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றது. அதன் சாரத்தை மூலமாக வைத்து உரை சொல்கிறேன்.

மூலம்: 116சி.779-ஆம் பிரிவுக்கு உட்பட்ட மின்நிறுவனம் 2013 செப்டம்பர் 30-க்குள் திட்டம் தாக்கல் செய்க.

உரை: பேர் சொல்லாமல் ஆளைக் காட்டும் வரி. அந்தப் பிரிவு பிரெய்ரி ஐலண்ட் அணுமின் நிலையத்தின் உடைமையாளரைக் குறிப்பது. ஆகவே எக்செல் எனர்ஜி. மற்ற நிறுவனங்களுக்கு இது விருப்பம்தான்.

மூலம்: சந்தாதாரர் ஐவருக்குக் குறையலாகாது, எவர் பங்கும் 40 சதவீதத்தைத் தாண்டலாகாது.

உரை: சட்டம் கோட்டை விட்ட இடம் இது. இருவர் 40, 40 என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் 20-ஐ மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஐவர் கணக்கு சரியாகிவிடும். தலையை எண்ணினார்களே தவிர, பங்கை எடைபோடவில்லை. பின்னாளில் சந்தாதாரர் எண்ணிக்கையில் வீடுகள் முந்தின. மின்திறனில் பெரும்பகுதி வணிக நிறுவனங்களுக்கும் பொது அமைப்புகளுக்கும் போயிற்று. தோட்டம் நடத்துபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நூறு வீடுகளில் கையெழுத்து வாங்கி, மாதாமாதம் வசூலித்து, வீடு மாறிப் போனவருக்குப் பதில் ஆள் பிடிப்பதைவிட, ஒரு பெரிய நிறுவனத்தின் ஒற்றைக் கையெழுத்து லேசு. கடன் தரும் வங்கிக்கும் அதுவே பிடிக்கும்.

மூலம்: தோட்டத்தின் திறன் 1 மெகாவாட்டுக்கு மேற்படலாகாது.

உரை: இதற்கும் வழி கண்டார்கள். ஒரே நிலத்தில் 1 மெகாவாட் தோட்டங்களை அடுத்தடுத்து நிறுத்தினார்கள். 2015-இல் ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு வரம்பு கட்டியது.

மூலம்: ஒரு சந்தா 200 வாட்டுக்குக் குறையலாகாது, சந்தாதாரரின் ஆண்டுச் சராசரி நுகர்வில் 120 சதவீதத்தைத் தாண்டலாகாது.

உரை: 200 வாட் என்பது அன்று ஏறக்குறைய ஒரு பேனல். மாதச் சராசரி 20 யூனிட் தேறும். பனி மூடும் டிசம்பரில் அதுவும் வராது. மேல் வரம்பு நல்ல யோசனை. ஆண்டுக்கு 9,000 யூனிட் செலவழிக்கும் வீடு 10,800 யூனிட் அளவுக்குத்தான் பங்கு எடுக்கலாம். தேவைக்கு எடுக்கலாம், வியாபாரத்துக்கு எடுக்க முடியாது.

மூலம்: சந்தாதாரர் தோட்டம் உள்ள கவுண்டியிலோ அதை ஒட்டிய கவுண்டியிலோ இருத்தல் வேண்டும்.

உரை: உள்ளூர் என்பதற்குச் சட்டம் தந்த பொருள் இவ்வளவே. பின்னர் இது தளர்ந்தது.

மூலம்: விளையும் மின்சாரம் முழுவதையும் மின்நிறுவனம் வாங்குக; சந்தாதாரர் பங்கை அவர் பில்லில் வரவு வைக்க.

உரை: உயிர்நாடி இந்த வரிதான். தோட்டத்திலிருந்து வீட்டுக்குத் தனிக் கம்பி ஏதும் வராது. மின்சாரம் பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடும். வீட்டுக்கு வந்து சேர்வது பில்லில் ஒரு கழிவுத் தொகை மட்டும். ஆனால் முன்பணமாகப் பேனலை வாங்காமல் யூனிட் கணக்கில் சேர்ந்தவருக்கு இன்னொரு பில்லும் உண்டு, தோட்டக்காரரிடமிருந்து. யூனிட்டுக்கு 12 சென்ட் கழிவு கிடைத்து, தோட்டக்காரருக்கு 11 சென்ட் கட்டினால் லாபம் 1 சென்ட். விளம்பரத்தில் முதல் எண் பெரிதாக இருக்கும். இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். அது ஆண்டுதோறும் ஏறுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மின்நிறுவனத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 25 ஆண்டு ஓடுவது.

2023-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024-இல் தொடங்கிய புதிய திட்டத்தில் தோட்டம் 5 மெகாவாட் வரை இருக்கலாம். ஐவர் போய், மெகாவாட்டுக்குக் குறைந்தது 25 சந்தாதாரர் என்றாயிற்று. திறனில் 30 சதவீதமாவது எளிய, நடுத்தர வருமான வீடுகளுக்கு. தலையோடு பங்கையும் எண்ண அவர்களுக்குப் பத்தாண்டு பிடித்தது.