கோட்டை இடிந்தபோது நிலம் யாருக்குப் போயிற்று?

மதுரை நகரின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நடுவில் மீனாட்சியம்மன் கோயில். அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். உள்ளிருந்து வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களோடு இணைந்த பெயர்கள் வரும். மாசி வீதியைக் கடந்ததும் அந்த வரிசை அறுந்துவிடுகிறது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி, வெளி வீதி என்னும் பெயர்கள் தொடங்குகின்றன. இந்த மாற்றத்துக்குள் ஒரு நிலப்பங்கீட்டின் வரலாறு இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை, மதுரையை மதில், கொத்தளம், அகழி ஆகியவற்றால் சூழ்ந்து நின்றது. ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றபின் அதற்குக் காவல் வேலை இல்லை. உள்ளே மக்கள் நெருக்கம் மிகுந்தது. அகழியில் நீர் தேங்கி நாறியது. காய்ச்சல்களுக்குக் கெட்ட காற்றே காரணம் என்று நம்பிய காலம் அது. (மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் கண்டது 1897இல்தான்.)

1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். அவ்வளவு பெரிய வேலைக்குக் கூலி கொடுப்பது எப்படி? அதற்கு ஓர் எளிய வழி காணப்பட்டது. மதிலின் ஒரு பகுதியை இடித்து, அகழியைத் தூர்த்துச் சமன் செய்பவருக்கு அந்த இடமே மனையாகக் கிடைக்கும்! நிலமே கூலியாயிற்று. வேலையில் துணைநின்ற நில அளவையாளர் மாரட், மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் புதிய வீதிகளுக்கு அமைந்தன. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே எஞ்சியுள்ள கொத்தளத்தை இன்றும் நீங்கள் காணலாம்.

இத்திட்டத்தின் நன்மையை மறுக்க முடியாது. நெருக்கத்தில் வாடிய நகருக்கு அகன்ற தெருக்களும் புதிய மனைகளும் கிடைத்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மனை வேண்டுபவன் மண்வெட்டி எடுத்தான். கடை வேண்டுபவனும் எடுத்தான். வெற்றிடம் வேண்டுமென்று மண்வெட்டி எடுக்க யார் வருவார்? நகரைச் சுற்றி ஒரு பசுமை வளையம் அமைந்திருக்கக்கூடிய நிலம் வீடும் கடையும் தெருவுமாயிற்று.

சில ஆண்டுகளுக்குப் பின் இதே வாய்ப்பு ஐரோப்பாவில் வியன்னா நகருக்கும் வந்தது. 1857இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அந்நகரின் மதில்களை இடிக்க ஆணையிட்டார். அங்கு மனைகளின் ஒரு பகுதியை விற்று வந்த பணத்தில் பொதுக் கட்டடங்கள் எழுந்தன. பூங்காக்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான நகரப் பூங்கா 1862இல் திறக்கப்பட்டது. ஆனால் விற்ற மனைகளில் செல்வர்களின் மாளிகைகளே நின்றன. தொழிலாளிக்கு அங்கே வீடு இல்லை. ஆக, இரு நகரங்களிலும் ஏதோ ஒன்று விடுபட்டது. வீடு, வணிகம், திறந்தவெளி ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்ப்பது அத்தனை எளிதன்று.

1915இல் பாட்ரிக் கெடஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து, மதுரையைப் பற்றியும் அறிக்கை எழுதினார். முதலில் ஊரை ஆராய்க, பிறகு திட்டம் தீட்டுக என்பது அவர் கொள்கை. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. பின்னர் 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம் வந்தது.

மதுரையின் இன்றைய 'வெளி வீதி' எங்கே? திண்டுக்கல் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் சென்றால் சமயநல்லூர் வருகிறது. இரயில் நிலையமும் நான்குவழிச் சாலையும் உள்ள ஊர். இத்தகைய ஊர்களில் வயல் மனையாகும்போது பிளாக்பர்ன் காலத்துக் கேள்வியே மீண்டும் எழுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 10 ஏக்கர் நிலம் ஏறத்தாழ 40,000 சதுர மீட்டர். சாலைகளுக்குக் கால் பங்கு போனால் எஞ்சுவது 30,000. சாலை நீங்கிய பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது இத்தகைய பெரிய மனைப்பிரிவுகளுக்குரிய விதி. அதன்படி 3,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 74 சென்ட் கிடைக்கும். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்த இடத்தின்மீது மட்டும் 1,50,000 லிட்டர் நீர் விழும். மண்ணாக இருந்தால் அதில் பெரும்பங்கு நிலத்துள் இறங்கும். சிமெண்டுத் தளமானால் தெருவில் ஓடும்.

அந்த 74 சென்ட் எங்கே அமைகிறது என்பதும் முக்கியம். கடைகள் பெருஞ்சாலையை நோக்கியிருப்பது இயல்பு. வீடுகள் இரைச்சலிலிருந்து சற்று உள்ளே இருப்பது நலம். திறந்தவெளி, மழைநீர் இயல்பாக வந்து சேரும் தாழ்ந்த பகுதியில், பிள்ளைகள் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கவேண்டும். ஒருவருக்கும் பயன்படாத கோணல் மூலையை ஒதுக்கினால் கணக்கு நேராகும். ஊருக்கு நன்மை வராது.

வீட்டுக்கும் கடைக்கும் உரிமையாளர் உண்டு. அவர்கள் தமக்காகப் பேசுவார்கள். திறந்தவெளிக்காகப் பேச வரைபடம் ஒன்றே உண்டு. மனை வாங்குமுன் உங்கள் வீட்டார் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேட்டுப் பெறுவார்கள். அதில் தம் மனையின் எண்ணைத் தேடுவார்கள். நீங்கள் பொது இடம் எங்கே என்று தேடுங்கள். பிறகு நேரில் சென்று, அந்த இடம் அங்கே இருக்கிறதா என்றும் பார்த்து வாருங்கள்.