கொதிகலனின் மறுபக்கம்

பென்னலூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கொதிகலன் என்றாலே வெடிவிபத்துதான் முதலில் நினைவுக்கு வரும். நம் நாட்டுச் சட்டமும் அந்த அச்சத்தில் பிறந்ததுதான். 1863-இல் கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அடுத்த ஆண்டே வங்காளத்தில் கொதிகலன் சோதனைச் சட்டம் இயற்றப்பட்டது. 1923-இல் இந்தியக் கொதிகலன் சட்டம் வந்தது. 2025-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

இச்சட்டங்களின் தலையாய கவலை நீராவியின் அழுத்தம். ஆனால் கொதிகலனுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதுவே தீ எரியும் பக்கம். அங்கே பிறக்கும் எதிரி ஓசையிடுவதில்லை.

ஒரு கிலோ எண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று தேவை. காற்று குறைந்தால் கரியின் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாக மாறாமல், கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடுகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடச் சற்றே இலேசானது. எனவே அறை முழுவதும் கலந்துவிடும்.

இந்த வாயு கொல்லும் விதத்தை எவ்வாறு அறிந்தனர்? 1850-களில் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார்டு, அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பறித்துக்கொள்வதைக் கண்டார். 1895-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் இவ்வாயுவைத் தாமே சுவாசித்து, தம் இரத்தத்தையே சோதித்தார்! 1896-இல் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் சுரங்க வெடிப்பில் இறந்தோரை ஆராய்ந்து, பெரும்பாலோரைக் கொன்றது வெடியல்ல, இந்த வாயுவே என்று காட்டினார். சுரங்கத்தினுள் சிறு பறவைகளை எச்சரிக்கைக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் அவர் யோசனையே. 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகவே 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் இவருடைய மகன்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிடச் சுமார் 210 மடங்கு வலுவாக இந்த வாயுவைப் பற்றுகிறது. காற்றில் பிராணவாயு 21 சதவீதம். அப்படியானால், 0.1 சதவீத நச்சு வாயுவே அதற்குச் சமமான போட்டியாளராகிவிடும். அக்காற்றை நெடுநேரம் சுவாசித்தால் இரத்தத்தில் பாதி பறிபோகும். ஆயிரத்தில் ஒரு பங்கு போதும், உயிருக்கு ஆபத்து!

குளிர்நாட்டு வீடுகளின் எண்ணெய்க் கொதிகலன்களில் ஆண்டுதோறும் செய்யும் செப்பனிடுதலின் பொருள் இப்போது விளங்கும். எண்ணெயைத் தூவும் முனை தேய்ந்தால் துளிகள் பெருத்து அரைகுறையாக எரியும். ஆகவே அதை மாற்றுகிறார்கள். காற்று வரும் வழியைச் சரிசெய்கிறார்கள். புகைபோக்கியில் அடைந்த கரியை அகற்றுகிறார்கள். வெப்பத்தைக் கடத்தும் தகடுகளில் விரிசலையும், குழாய் இணைப்புகளில் கசிவையும் தேடுகிறார்கள். இறுதியில் புகையைக் கருவியால் அளக்கிறார்கள். தீயின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்வது போதாது.

நம் வீடுகளில் எண்ணெய்க் கொதிகலன் இல்லை. ஆனால் காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி உண்டு. மின்வெட்டில் இயங்கும் ஜெனரேட்டர் உண்டு. மலையூர் விடுதியில் குளிருக்குக் கதவடைத்து மூட்டும் கரியடுப்பும் உண்டு. 2024-இல் கொடைக்கானலில் இத்தகைய அடுப்பின் புகையால் இருவர் உறக்கத்திலேயே இறந்தனர்.

வெந்நீர்க் கருவியைக் குளியலறைக்கு வெளியே பொருத்துங்கள். ஜெனரேட்டரைத் திறந்த வெளியில் வையுங்கள். தூங்குமுன் கரியடுப்பை வெளியேற்றுங்கள். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால், காரணம் தேடி நில்லாமல் உடனே வெளியேறுங்கள். ஹால்டேன் தம் உடலை வைத்துக் கற்ற பாடத்தை நாமும் உயிரைப் பணயம் வைத்துக் கற்க வேண்டியதில்லை!