ஈஸ்டர் தாக்குதல்: எச்சரிக்கை வந்தும் தடுக்காதது ஏன்? முன்னாள் அதிபர் சிறிசேனா மீதான விமர்சனமும் தீர்ப்பும்

ஹைதராபாத்: பயங்கரவாதத் தாக்குதல் நடக்கப் போவதாக முன்கூட்டியே தகவல் கிடைத்தும் அதனைத் தடுக்கத் தவறினால், நாட்டின் தலைவர் அதற்குப் பொறுப்பாவாரா? இலங்கையின் முன்னாள் அதிபர் மைத்ரிபால சிறிசேனா மீது எழுந்த விமர்சனங்களின் மையம் இக்கேள்வியே ஆகும்.

தாக்குதலின் பின்னணி: 2019 ஏப்ரல் 21ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் உள்ள மூன்று தேவாலயங்களிலும், கொழும்பில் உள்ள மூன்று சொகுசு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள் நடத்தப்பட்டன. இதில் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் இந்தியர்கள் 11 பேர். தேசிய தவ்ஹீத் ஜமாஅத் அமைப்பின் தலைவர் சஹ்ரான் ஹாஷிமும் தற்கொலைக் குண்டுதாரிகளுள் ஒருவர்.

இந்தியா அளித்த தகவல்: தாக்குதலுக்கு 17 நாட்களுக்கு முன்பே, ஏப்ரல் 4ஆம் தேதி, இந்திய உளவுத்துறை இலங்கையை எச்சரித்தது. சஹ்ரானின் பெயரும், தேவாலயங்களும் கொழும்பு இந்தியத் தூதரகமும் குறிவைக்கப்படலாம் என்பதும் அதில் இடம்பெற்றிருந்தன. இத்தகவல் அதிகாரிகளுக்கிடையே கடிதங்களாகக் கைமாறியதே தவிர, தேவாலயங்களுக்குப் பாதுகாப்பாக மாறவில்லை.

விமர்சனம் என்ன? 2018 அக்டோபரில் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவைச் சிறிசேனா பதவி நீக்கம் செய்தார். நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் டிசம்பரில் ரணில் மீண்டும் பிரதமரானபோதும், இருவருக்கும் இடையிலான பிளவு நீங்கவில்லை. பாதுகாப்புத் துறையையும் காவல்துறையையும் அதிபர் தம்வசமே வைத்திருந்தார். தேசியப் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்குப் பிரதமரும் காவல்துறைத் தலைவரும் அழைக்கப்படவில்லை. தாக்குதலின்போது சிறிசேனா சிங்கப்பூரில் இருந்தார். பதில் பாதுகாப்பு அமைச்சரை அவர் நியமித்திருக்கவில்லை.

அரசியல் பகையால் பாதுகாப்புக் கட்டமைப்பே சீர்குலைந்தது என்பதே விமர்சகர்களின் வாதம். 2019 அக்டோபரில் வெளியான நாடாளுமன்றத் தெரிவுக்குழு அறிக்கையும் அதிபரின் தலைமைத்துவக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டியது. சிறிசேனாவே நியமித்த விசாரணை ஆணையம், அவர் மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பது குறித்துப் பரிசீலிக்கப் பரிந்துரைத்தது. உளவுத்துறை எச்சரிக்கை தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது சிறிசேனா தரப்பு விளக்கம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு: 2023 ஜனவரி 12ஆம் தேதி, ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டுள்ளதாக அறிவித்த நீதிமன்றம், சிறிசேனா தமது சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. முன்னாள் காவல்துறைத் தலைவர் பூஜித் ஜயசுந்தர, அரச புலனாய்வுத் துறை முன்னாள் இயக்குநர் நிலந்த ஜயவர்தன ஆகியோருக்குத் தலா ஏழரைக் கோடியும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவுக்கு 5 கோடியும் விதிக்கப்பட்டது. பதவியில் உள்ள அதிபருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு, பதவி விலகிய பின் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

இது குற்றவியல் தண்டனை அன்று என்பது கவனிக்கத்தக்கது. பூஜித், ஹேமசிறி இருவரும் 2022 பிப்ரவரியில் குற்றவியல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களே. எனினும், கடமை தவறியதற்கான பொறுப்பிலிருந்து அவர்கள் தப்பவில்லை.

ஹைதராபாத் அனுபவம்: இத்தகைய விவாதம் இந்தியாவுக்கும் புதிதன்று. 2013 பிப்ரவரி 21ஆம் தேதி ஹைதராபாத்தின் தில்சுக்நகரில் நிகழ்ந்த இரட்டைக் குண்டுவெடிப்பில் 18 பேர் பலியாகினர். மாநிலங்களை முன்பே எச்சரித்ததாக அப்போதைய மத்திய உள்துறை அமைச்சர் சுஷில்குமார் ஷிண்டே கூற, அது வழக்கமான பொது எச்சரிக்கையே என மாநில அரசு பதிலளித்தது. கொழும்புக்கோ பெயரும் இலக்கும் குறிப்பிட்டே தகவல் சென்றிருந்தது. அதனால்தான் அங்கு எழுந்த கேள்வி உளவுத்துறையோடு நிற்காமல், அதிபர் வரை சென்றது.

தீர்ப்புக்குப் பின் சிறிசேனா மன்னிப்புக் கோரினார். ஆயினும், தாக்குதலின் முழுப் பின்னணியும் வெளிவர வேண்டும் என்பதில் உறவுகளை இழந்த குடும்பங்களும் இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையும் உறுதியாக உள்ளன.